கும்பகோணத்தில் ஐம்பொன் சிலை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கும்பகோணத்தில் ‘கலைச் சுற்றுலா’ என்று ஒரு நாள் பேக்கேஜ் விற்கிறார்கள். தாராசுரம் கோவில், சுவாமிமலையில் சிலை வார்ப்பது, திருபுவனம் பட்டுத்தறி, நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை எல்லாம் சேர்த்து, கார், கைடு உட்பட 6,500 ரூபாய். தங்கியிருந்த லாட்ஜிலேயே பணம் கட்டினோம். தாராசுரத்தைத் தவிர மற்றதெல்லாம் வெறும் கடைகள்தான், ஒரு தறியைக்கூடப் பார்க்கவில்லை.

தாராசுரமும் அரை மணி நேரம்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோவில், நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், நின்று பார்க்க அரை நாள் வேண்டும். கைடு யானையும் காளையும் ஒரே தலையாகத் தெரியும் சிற்பத்தை மட்டும் காட்டிவிட்டு ‘நேரமாச்சு’ என்று கிளப்பிவிட்டார். டிக்கெட் என்று தலைக்கு 50 ரூபாய் வேறு வாங்கிக்கொண்டார். அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது!

அப்புறம் சுவாமிமலை. பட்டறை என்று சொல்லி ஏசி போட்ட ஷோரூமில் இறக்கினார்கள். வாசலில் ஒருவர் மெழுகை உருட்டிக்கொண்டிருந்தார், அதுதான் ‘நேரடிச் செய்முறை’யாம். அங்கே ஒரு நடராஜரை அசல் ஐம்பொன், கனவார்ப்பு (உள்ளே வெற்றிடமில்லாமல் முழுக்க உலோகம்) என்று சொல்லி 28,000 ரூபாய்க்கு என் அம்மாவிடம் விற்றார்கள். பில்லில் ‘ஹேண்டிகிராஃப்ட்’ என்று ஒரே வார்த்தை, எடையும் இல்லை, உலோகமும் இல்லை. உள்ளே ஒரு பழைய சிலை இருக்கிறது, கோவிலிலிருந்து வந்தது என்று தனியாகக் கூப்பிட்டும் சொன்னார்கள். யாராவது அப்படிச் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஒன்று பொய்யாக இருக்கும், இல்லையென்றால் திருட்டுச் சிலை.

மறுநாள் நாங்களாகவே சுவாமிமலைக்குப் போய் உண்மையான ஸ்தபதி ஒருவரின் பட்டறையைத் தேடிப் பிடித்தோம். சிலையைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: வெறும் பித்தளை, உள்ளே பொள்ளல் (வெற்றிடம்), அடியில் தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள், பழசு மாதிரி தெரிய மேலே கறுப்புப் பூச்சு. சிலையைச் சுற்றியிருக்கும் வளைவான திருவாசியின் ஓரத்தில் இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடு ஓடுவதையும் காட்டினார். மெழுகு வார்ப்பில் அந்தக் கோடு வரவே வராது, ஏனென்றால் ஒடியோலையால் (அளவுக்காக மடித்த தென்னை ஓலைக் கீற்று) அளவெடுத்து மெழுகில் முழு உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடியவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள், ஆறியதும் அச்சையே உடைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு சிலை போல இன்னொன்று இருக்காது. அதற்கப்புறம் உளி பிடித்து வாரக்கணக்கில் வேலை. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்ல அவர் ஒரு பைசா வாங்கவில்லை. கமிஷன் கொடுக்காததால் அவர் பட்டறைக்கு எந்த வண்டியும் வருவதில்லை என்றார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

சுவாமிமலை கும்பகோணத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர்தான், நீங்களே ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாருக்கும் அங்கே உற்பத்தி மையம் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் என்ன உலோகம், எவ்வளவு எடை, கனவார்ப்பா பொள்ளலா என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், லாட்ஜில் கேட்டால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இதற்காகக் கும்பகோணத்துக்கு அலைய வேண்டியதில்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் சிலையின் அடிப்பாகப் போட்டோவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.