செவுத்துல காந்தி போட்டோ, உள்ள வேற கதை: லண்டன் பாரிஸ்டர் கன்சல்டன்சி அனுபவம்

காரைக்குடில ஒரு ஃபாரின் எஜுகேஷன் கன்சல்டன்சி, பேரு வேணாம். தம்பி மதுரைல பி.எல் முடிச்சுட்டு லண்டன் போயி பாரிஸ்டர் ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னான், அப்பச்சியும் சரின்னுட்டாக, போனோம். 5க்கு 2 ஸ்டார், அந்த ரெண்டும் யாருக்குன்னு கீழ சொல்றேன்.

உள்ள நுழைஞ்சதுமே காந்தி போட்டோ. "அவரு மாதிரி ஆயிடலாம் தம்பி"ன்னாரு ஓனர். காந்தி இன்னர் டெம்பிள்ங்கிற லண்டன் பாரிஸ்டர் சங்கத்துல சேந்தாரு, பரீட்சை எழுதினாரு, சங்கத்துல இத்தனை டின்னர் சாப்பிடணும்ங்கிற கணக்குக்கு டின்னர் சாப்பிட்டாரு, 1891 ஜூன் 10 பட்டம், 12ந்தேதி கப்பல் ஏறிட்டாரு. இப்ப அப்படியா இருக்கு? நம்ம ஊரு பி.எல்-ஐ வச்சு பொதுவா நேரா பார் கோர்ஸ்ல உக்கார முடியாது, முன்னாடி அந்த ஊரு சட்டத்துக்கு ஒரு கன்வர்ஷன் படிப்பு, அப்புறம் பாரிஸ்டர் ஆகுறதுக்கான பார் கோர்ஸ், 'இன்'னு சொல்ற அந்த மாதிரி பாரிஸ்டர் சங்கம் நாலுல ஏதாவது ஒண்ணுல மெம்பர்ஷிப், எல்லாம் முடிச்சு பட்டம் வாங்கினாலும் அங்க கோர்ட்ல நின்னு பேசணும்னா 12 மாசம் பியூபிலேஜ், அதாவது சீனியர்கிட்ட தொழில் பழகுறது, பண்ணணும், மொத 6 மாசம் சீனியர் கூடவே இருந்து பாத்துக்கணும், அடுத்த 6 மாசந்தான் சொந்தமா கேஸ். அந்த பியூபிலேஜ் கிடைக்கிறதுதான் குதிரைக் கொம்பு, கோர்ஸ் முடிக்கிறவங்க நெறைய, இடம் கொஞ்சம்.

மூணு தடவை போயும் அந்த வார்த்தை அவங்க வாயில வரவே இல்ல. தம்பியே படிச்சுட்டு வந்து கேட்டப்ப "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்"னு ஒரு பதில். கோர்ஸ்ல சேத்துவிட்டா கமிஷன் வரும் போல, பியூபிலேஜுக்கு எவன் குடுப்பான்.

அந்த இன் சங்கத்துக்குப் போற அப்ளிகேஷன்ல தம்பியப் பத்தி இவங்களே எழுதிக் குடுத்தாங்க. வீட்ல வாசிச்சா "நான் தேவகோட்டையில் பிறந்து"ன்னு ஆரம்பிக்குது, முன்னாடி வந்த எந்தப் பையனோடதோ, ஊரைக்கூட மாத்தல!

அந்த ரெண்டு ஸ்டார் அங்க வர்ற ரிட்டயர்டு வக்கீல் ஐயாவுக்கு. சாயங்காலம் ஒரு மணி நேரம் இண்டர்வியூ பழக்குவாக. "பூட்டிக் கிடந்த வீட்ல தேக்குத் தூணைக் களவாண்டு மாட்டிக்கிட்டான், தண்டனையக் குறைக்கச் சொல்லி ரெண்டு நிமிஷம் பேசு"ன்னு சொல்லி வாட்சைக் கழட்டி மேசையில வச்சிருவாக. தம்பி அந்தக் களவாணியோட குடும்பக் கஷ்டத்தையே பேசிக்கிட்டு இருந்தான். "குத்தத்த ஒத்துக்கிட்டானா, தூணு திரும்பி வந்துச்சா, அத மொதல்ல சொல்லுடா"ன்னு ஒரு அதட்டு. அந்த ஒரு மணி நேரம் காசுக்கு ஒர்த்து.

கட்டினதுல பாதியாவது திருப்பித் தாங்கன்னு கேட்டிருக்கோம், திங்கக்கிழமை வாங்கன்னாங்க, இது நாலாவது திங்கக்கிழமை.