மே லீவுக்கு இலங்கையா, மாலத்தீவா?

வேலூர் வெயிலுக்குப் பயந்து மே மாதம் தீவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு என் ஓட்டு இலங்கைதான். எங்கே போனாலும் முதலில் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போக வேண்டும். மாலத்தீவில் இறங்கியதும் விசா இலவசம், கடலின் நீலமும் அங்கேதான் அழகு. ஆனால் ரிசார்ட்டுக்குப் படகுக் கூலியே தனிச் செலவு. மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவு விடுதிகள் என்றால் கட்டுப்படியாகும். சரி, மழை? தென்மேற்குப் பருவமழை அங்கே மே மாதமே தொடங்கிவிடும்.

இலங்கையில் அந்த மழை கொழும்பு, காலி பக்கம்தான் கொட்டும். கிழக்கே திருகோணமலையில் அப்போதுதான் கடல் அமைதி; கோணேசர் கோயில் பாறை மேலிருந்து பார்த்தால் அடியாழம்வரை பச்சை. ஆட்டோ பேரமும் தமிழிலேயே. குளிர் வேண்டுமா? நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், நம் ஏலகிரியெல்லாம் கிட்டேகூட வராது. ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.