இரண்டு ஷெட்யூல், ஒரே கிரேன்: கிரிட்டிகல் பாத்தை எந்த முறை சரியாகக் காட்டும்?

ஒரே வளாகத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி ஷெட்யூல், தனித்தனி பிளானர். பொதுவாக இருப்பது ஒரே ஒரு கிராலர் கிரேன். கிரிட்டிகல் பாத் என்பது, ஒரு நாள் தள்ளினாலும் மொத்த முடிவையே தள்ளிவிடும் வேலைகளின் சங்கிலி. முறைகளை ஒப்பிட இந்த அளவு சின்னக் கணக்கே போதும். பெரிய ஷெட்யூலில் நடக்கும் குளறுபடி எல்லாம் இதிலேயே வந்துவிடும்.

திட்டம் அ, ஒரு ஷெட். அ1 அஸ்திவாரம் 10 நாள், அ2 தூண் நிறுத்துதல் 8 நாள் (கிரேன் வேண்டும்), அ3 கூரையும் பக்கச் சுவரும் 12 நாள். மொத்தம் 30.

திட்டம் ஆ, டேங்க் யார்டு. ஆ1 அஸ்திவாரம் 12 நாள், ஆ2 டேங்க் தூக்கி வைத்தல் 6 நாள் (அதே கிரேன்), ஆ3 பைப்பிங் 15 நாள். மொத்தம் 33.

எல்லாம் வேலை நாள் கணக்கு, இரண்டும் ஒரே நாளில் தொடங்குகின்றன. அ2-க்குக் கிரேன் 11 முதல் 18 வரை வேண்டும். ஆ2-க்கு 13 முதல் 18 வரை. மோதுகிறது. அ முதலில் என்று முடிவானால் ஆ2 19-இல் தொடங்கி 24-இல் முடியும், ஆ3 39-இல் முடியும். ஆ முதலில் என்றால் அ2 19 முதல் 26 வரை, அ3 38-இல் முடியும். ஷெட் அவசரம் என்பதால் அ முதலில், 39 நாள் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த 39 எங்கிருந்து வந்தது? அ1 10, அ2 8, ஆ2 6, ஆ3 15. பாதை அ-வில் தொடங்கி, கிரேன் வழியாகத் தாவி, ஆ-வில் முடிகிறது. அ1 ஒரு நாள் தள்ளினால் ஆ3 ஒரு நாள் தள்ளும். இந்தச் சங்கிலிக்கு ஜெரோம் வீஸ்ட் 1964-லேயே தனிப் பெயர் வைத்துக் கணக்கும் எழுதிவிட்டார். ஆனாலும் இன்று நாம் தினமும் திறக்கும் மென்பொருள் அதைத் தானாகக் காட்டுவதில்லை. அது ஸ்லாக் (முடிவைப் பாதிக்காமல் ஒரு வேலை தள்ளக்கூடிய நாள்) கணக்கிடுவது வேலைகளுக்கு இடையே நாம் போட்ட லிங்க்கை வைத்துத்தான். கிரேன் கை மாறுவது அதன் கண்ணில் லிங்க் ஆகாது.

தனித்தனி ஃபைல், பொதுவான ரிசோர்ஸ் பூல்

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் ரிசோர்ஸ் டேப்பில் உள்ள 'ஷேர் ரிசோர்சஸ்' வழியாக இரண்டு ஃபைலையும் ஒரு பூலில் (பொது ரிசோர்ஸ் பட்டியலில்) இணைப்பது பலரும் செய்வது. கிரேன் எங்கே எத்தனை நாள் புக் ஆகியிருக்கிறது என்பது இரு பக்கமும் தெரியும். மோதல் இருந்தால் சிவப்பு ஆள் சின்னம் வரும். அதற்கு மேல் இதிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மோதல் தீரும்வரை வேலைகளை மென்பொருளே தள்ளுவது லெவலிங். அதைப் போட்டால் அந்த ஃபைலில் உள்ள வேலை மட்டும்தான் நகரும். அடுத்த ஃபைலின் புக்கிங் அசையாத பாறைபோல நிற்கும். ஆகவே யார் முதலில் லெவல் பட்டனை அழுத்துகிறாரோ அவர் வேலைதான் பின்னால் போகும். ஆ-வின் பிளானர் முந்தினால் 39, அ-வின் பிளானர் முந்தினால் 38. முன்னுரிமையை மேலாளர் முடிவு செய்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அதை முடிவு செய்தது யார் காலையில் சீக்கிரம் வந்தார் என்பது.

லெவலிங் ஆப்ஷன்ஸில் மீதி வேலையைத் துண்டாக்கலாம் என்ற டிக் இருக்கிறது. அது இருந்தால் அ2-வை 11, 12 ஆகிய இரண்டு நாள் செய்துவிட்டு, மீதி 6 நாளை 19-க்குத் தள்ளி, அ 36-லேயே முடியும் என்று காட்டக்கூடும். காகிதத்தில் அழகு. பாதித் தூணை நிறுத்திவிட்டுக் கிராலர் கிரேனைக் கழற்றி, நகர்த்தி, திரும்பப் பூட்டி, மறுபடி கொண்டுவரும் செலவு அதில் இல்லை. கனரக எந்திரம் பூலில் இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

பூலைத் தொடங்கும்போதே பெயரையும் பாருங்கள். ஒரு ஃபைலில் 'கிரேன் 1', இன்னொன்றில் 'கிரேன்-1' என்று இருந்தால் பூலில் இரண்டு கிரேன் வந்து நிற்கும், மோதலே தெரியாது.

மாஸ்டர் ஃபைல்

புது ஃபைல் திறந்து, ப்ராஜெக்ட் டேப்பில் 'சப்ப்ராஜெக்ட்' மூலம் இரண்டையும் உள்ளே இணைப்பது அடுத்த படி. இப்போது லெவலிங் இரண்டையும் சேர்த்தே நடக்கும். வரிசையில் 'பிரயாரிட்டி, ஸ்டாண்டர்டு' என்பதைத் தேர்ந்து, அ-வின் பிரயாரிட்டியை வழக்கமான 500-இலிருந்து 700 ஆக்கினால் கிரேன் முதலில் அ-வுக்குப் போகும். 1000 கொடுத்தால் அதை லெவலிங் தொடவே தொடாது. எல்லாத் திட்டத்துக்கும் 1000 கொடுத்துவிட்டு லெவலிங் வேலை செய்யவில்லை என்று புலம்புவது வழக்கமான காட்சி.

கிரிட்டிகல் பாத்துக்கு முக்கியமானது ஆப்ஷன்ஸ், ஷெட்யூல் பக்கத்தில் கீழே இருக்கும் ஒரு டிக்: உள்ளே இணைத்த திட்டங்களைச் சம்மரி டாஸ்க் போலக் கணக்கிடு. டிக் இருந்தால் மொத்தத்துக்கும் ஒரே முடிவு நாள், அதாவது 39. எடுத்துவிட்டால் ஒவ்வொரு திட்டத்துக்கும் அதனதன் முடிவு நாள். லெவலிங் முடித்த பிறகு ஒவ்வொரு அமைப்பிலும் வருவது இது:

| அமைப்பு | சிவப்பாக (கிரிட்டிகலாக) வருபவை | அ1 ஸ்லாக் | ஆ1 ஸ்லாக் |
|---|---|---|---|
| தனித்தனி ஃபைல் | அ1, அ2, அ3, ஆ2, ஆ3 | 0 | 6 |
| மாஸ்டர், டிக் இல்லாமல் | அ1, அ2, அ3, ஆ2, ஆ3 | 0 | 6 |
| மாஸ்டர், டிக்குடன் | ஆ2, ஆ3 மட்டும் | 9 | 6 |
| மாஸ்டர், டிக், கிரேன் லிங்க் | அ1, அ2, ஆ2, ஆ3 | 0 | 6 |

மூன்றாவது வரிதான் ஆபத்தானது. முறையாக மாஸ்டர் கட்டி, டிக்கும் வைத்து, லெவலிங்கும் போட்டவருக்குத்தான் அது கிடைக்கிறது. அ1-க்கு 9 நாள் ஸ்லாக் இருப்பதாகத் திரை சொல்கிறது. அந்த 9 நாளும் பொய். ஷெட்யூல் ஆய்வாளர்கள் இதைப் பேய் ஃப்ளோட் என்பார்கள் (ஃப்ளோட் என்பது ஸ்லாக்கின் மறுபெயர்). அஸ்திவாரக் காண்ட்ராக்டர் நான்கு நாள் கேட்டால் பிளானர் தாராளமாகக் கொடுத்துவிடுவார், டேங்க் யார்டு நான்கு நாள் தள்ளும். அடையாளம் சுலபம்: கிரிட்டிகல் பாத் 19-ஆம் நாள் ஆகாயத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய 18 நாளில் ஒரு வேலைகூடச் சிவப்பு இல்லை. இப்படி ஒரு ஓட்டை தெரிந்தால் அதன் வாயில் நிற்கும் வேலையின் 'லெவலிங் டிலே' நெடுவரிசையைப் பாருங்கள். ஆ2 தள்ளிப்போனது அங்கே தெரியும், விடுமுறையையும் சேர்த்த நாள் கணக்கில்.

முதல் இரண்டு வரிகளில் அ1-க்குச் சரியான பதில் வந்திருப்பது தற்செயல். அங்கே அ3-யும் சிவப்பாக நிற்கிறது. மொத்த முடிவைப் பொறுத்தவரை அதற்கு 9 நாள் உண்மையாகவே இருக்கிறது. அங்கே ஓவர்டைம் கொடுத்துக் கரைக்கும் பணம் 39-ஐ ஒரு நாள்கூடக் குறைக்காது.

கிரேனுக்கு ஒரு லிங்க்

நான்காவது வரி மட்டும்தான் முழுச் சரி. மாஸ்டரில் அ2, ஆ2 இரண்டையும் தேர்ந்து ஃபினிஷ்-டு-ஸ்டார்ட் லிங்க் (முன்னது முடிந்தால்தான் பின்னது தொடங்கும்) போட்டதால் வந்தது அது. இதற்கு இன்னொரு பலமும் உண்டு: லேக், அதாவது இரண்டு வேலைக்கும் நடுவே காத்திருக்கும் நாள், கொடுக்கலாம். கிரேனைப் பிரித்து, நகர்த்தி, பூட்டி, லோடு டெஸ்ட் முடிக்க 2 நாள் என்றால் லிங்க்கில் 2 நாள் லேக், முடிவு 41. லெவலிங்குக்கு இடமாற்ற நேரம் என்ற ஒன்றே தெரியாது. 18 மாலை ஷெட்டில் இருந்த கிரேன் 19 காலை டேங்க் யார்டில் நிற்கும் என்று நம்பும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அ1-இல் பாறை வந்து 10 நாள் வேலை 17 நாள் ஆகிவிட்டது என்று வையுங்கள் (லேக்கை விட்டுவிடுவோம்). லிங்க் அப்படியே கிடந்தால் அ2 18 முதல் 25, ஆ2 26 முதல் 31, ஆ3 46-இல் முடியும். 13-ஆம் நாள் முதல் டேங்க் அஸ்திவாரம் தயாராக, கிரேனும் சும்மா நிற்க, லிங்க் மட்டும் தடுக்கிறது. வரிசையை மாற்றினால் ஆ2 13 முதல் 18, அ2 19 முதல் 26, மொத்தம் 38. 8 நாள் வித்தியாசம், ஒரே ஒரு பழைய லிங்க்கால்.

எனவே லிங்க்கை வாராவாரம் புதுப்பிக்க வேண்டும். புராகிரஸ் ஏற்றியதும் கிரேன் லிங்க்கை எல்லாம் நீக்குங்கள். 'கிளியர் லெவலிங்' கொடுத்து, பிரயாரிட்டிப்படி லெவல் செய்யுங்கள். கிரேன் வேலைகளை ரிசோர்ஸ் வாரியாகக் குரூப் செய்து, தொடக்க நாள்படி வரிசைப்படுத்திப் படியுங்கள். அந்த வரிசை சைட்டில் நடக்கக்கூடியதுதானா என்று ரிக்கிங் ஃபோர்மேனிடம் கேளுங்கள். பிறகு லெவலிங்கை நீக்கி, அதே வரிசையில் லிங்க்கும் லேக்கும் போட்டு, கிரிட்டிகலைப் பாருங்கள். எது கட்டுமான லிங்க், எது கிரேன் லிங்க் என்று பிரிக்க, பின்தொடரும் வேலையின் டெக்ஸ்ட்1 நெடுவரிசையில் 'கிரேன்' என்று எழுதிவையுங்கள். இல்லையென்றால் மூன்றாம் வாரம் யாரும் தொடப் பயப்படுவார்கள். ஃபைலின் பெயரையோ ஃபோல்டரையோ மாற்றினால் இடைத்திட்ட லிங்க் அறுந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

லிங்க் போட நேரமில்லாத நாளில் கையாலேயே பின்னோக்கி நடக்கலாம். கடைசி வேலையிலிருந்து தொடங்கி ஒரே கேள்வி: இது தொடங்கிய நாளுக்கு முந்தைய நாள் முடிந்தது எது, முன்வேலையா, அதே ரிசோர்ஸின் வேறு வேலையா? ஆ3 25-இல் தொடங்கியது, 24-இல் முடிந்தது ஆ2. ஆ2 19-இல் தொடங்கியது, ஆனால் ஆ1 12-லேயே முடிந்துவிட்டது. 18 வரை கிரேன் யாரிடம்? அ2. அதற்கு முன் அ1. அவ்வளவுதான்.

பிரைமவேரா பி6

இது இன்னொரு ஷெட்யூல் மென்பொருள். இதில் ரிசோர்ஸ் எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருப்பதால் பூல் தொல்லையும் அறுந்த லிங்க்கும் இல்லை. திட்டம் எட்டு, பத்து என்று போனால் இதற்காகவே மாறலாம். மூடிக்கிடக்கும் திட்டங்களின் புக்கிங்கையும், குறிப்பிட்ட முன்னுரிமைக்கு மேல் இருந்தால் கணக்கில் எடு என்று லெவலிங்கிடம் சொல்லலாம். இங்கே 1 உயர்ந்தது, 100 தாழ்ந்தது. ப்ராஜெக்ட்டில் பழகிய கை தலைகீழாகப் போட்டுவிடும்.

ஷெட்யூல் ஆப்ஷன்ஸில் ஃப்ளோட்டை ஒவ்வொரு திட்டத்தின் முடிவிலிருந்து கணக்கிடுவதா, திறந்துள்ள எல்லாத் திட்டத்தின் முடிவிலிருந்தா என்ற தேர்வு, மேலே சொன்ன டிக்கின் அண்ணன். மற்றத் திட்டங்களுக்கான உறவைப் புறக்கணி என்ற டிக் தவறி இருந்தால் நீங்கள் போட்ட கிரேன் லிங்க் கணக்கிலேயே வராது. லாங்கஸ்ட் பாத் என்ற தேர்வு ஃப்ளோட் எண்ணை நம்பாமல் உறவுகளைப் பின்தொடர்வதால் காலண்டர் வேறுபாடுகளில் மேல். ஆனால் அதுவும் உறவைத்தான் பின்தொடரும். கிரேன் தாவலுக்கு இங்கும் லிங்க் போட்டே ஆக வேண்டும்.

கிரிட்டிகல் செயின்

மேலாண்மை எழுத்தாளர் எலியாஹு கோல்ட்ராட் 1997-இல் முன்வைத்த இந்த முறை, ரிசோர்ஸ் தாவலையும் சேர்த்தே சங்கிலியை வரையறுக்கிறது. நம் 39 நாள் பாதையை முதல் நாளிலேயே அது சொல்லிவிடும். கிரேனை மையமாக வைத்து, திட்டங்களை அதைச் சுற்றித் தள்ளித் தள்ளித் தொடங்கச் சொல்லும், அ2-வுக்கும் ஆ2-வுக்கும் நடுவே ஒரு பஃபர் (தாமதத்தைத் தாங்கும் உபரி நாள்) வைக்கும். சரியான கோட்பாடு. ஆனால் ப்ராஜெக்ட்டில் இதற்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். வேலை நாள்களில் ஒளிந்திருக்கும் பாதுகாப்பை வெட்டிப் பஃபரில் சேர்க்க எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தாமதத்துக்கு நாள் கணக்கில் அபராதம் போடும் ஒப்பந்தத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் தன் 8 நாளை 5 ஆக்கித் தரமாட்டார். ஒரே நிறுவனத்தின் உள்வேலைகள், வடிவமைப்பு அலுவலகம், பராமரிப்பு ஷட்டவுன் போன்ற இடங்களில் முயன்று பார்க்கலாம்.

ஐந்தாறு திட்டம், ஒன்றிரண்டு அரிய எந்திரம் என்றால் என் ஓட்டு மாஸ்டர் ஃபைலுக்கும் வாராந்திர கிரேன் லிங்க்குக்கும்தான். லிங்க் போடுவதை அந்த ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு வெல்டர் இருந்தால் யார் முதலில் கையொழிகிறாரோ அவர் அடுத்த வேலைக்குப் போவார். அவர்களுக்கு லிங்க் போட்டால் ஷெட்யூல் சிலந்தி வலையாகும், அடுத்த நாளே பொய்யாகும். அவர்களை லெவலிங்கிடம் விட்டுவிட்டு, சந்தேகம் வரும் வேலைக்கு ஒரு நாள் கூட்டி, மறுபடி லெவல் செய்து, முடிவு நகர்கிறதா என்று பாருங்கள். லெவலிங் ஒரு தோராய விதி என்பதால், ஒரு நாள் கூட்டினால் வரிசையே மாறி முடிவு முன்னால் வருவதும் உண்டு. அப்படி நடந்தால் முடிவு நாளை விட்டுவிட்டு, வரிசை எங்கே மாறியது என்று தேடுங்கள்.