எண்பது வயதுத் தாயுடன் நவக்கிரகத் தலங்களுக்கு: வசதிகள் குறித்த ஊர்ப் பயண அனுபவம்

கும்பகோணத்தில் தங்கி நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் தரிசிக்க வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், ஊர்களுக்கிடையேயான தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன்பாகக் கோயில்களின் நடை திறப்பு நேரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நண்பகலையொட்டிச் சாத்தப்படும் நடை பெரும்பாலும் மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்காலிலுமாக இத்தலங்கள் பரவிக் கிடப்பதால், காலையில் ஓரிடத்தில் அரை மணி நேரம் தாமதமானால் அடுத்த கோயிலின் வாசலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரிடும். மூட்டுவலியுள்ள எண்பது வயதுத் தாயாரை அழைத்துக்கொண்டு லண்டனிலிருந்து கொழும்பு வழியாகத் திருச்சியில் வந்திறங்கிய எனக்கு, இந்தப் பயணத்தில் கிடைத்த சேவைகளில் எவை கைகொடுத்தன, எவை கைவிட்டன என்பதை அதே நோக்கத்தோடு வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தில் சக்கர நாற்காலி உதவி குறையில்லாமல் கிடைத்தது. விமானத்தின் கதவருகே தொடங்கிய அந்த உதவி, வாகனம் நிற்கும் இடம் வரை தொடர்ந்தது. அங்கிருந்து கும்பகோணம் செல்லும் சாலையைப் பற்றியும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பயணத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய நவக்கிரகச் சிறப்புப் பேருந்து, வார இறுதி நாட்களில் ஒரே நாளில் ஒன்பது தலங்களையும் காட்டிவிடுகிறது. தொடங்கியபோது அதன் கட்டணம் ஒருவருக்கு 750 ரூபாய். அதிகாலையில் புறப்பட்டுச் சந்திரன் தலமான திங்களூரில் தரிசனத்தைத் தொடங்கிச் சனி தலமான திருநள்ளாற்றில் முடிக்கும் வகையில் அதன் பாதையை அமைத்தவர்கள், கிரகங்களின் வரிசையைவிட நடை சாத்தும் நேரத்தையே மனத்தில் கொண்டிருக்கிறார்கள். அது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. ஆயினும் ஒவ்வொரு கோயிலிலும் குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்து பேருந்தில் ஏற வேண்டும் என்பது என் தாயாருக்கு இயலாத காரியம். ஆகவே வாடகைக் கார் ஒன்றை அமர்த்தி, தலங்களைப் பல நாட்களுக்குப் பிரித்துக்கொண்டோம்.

அப்படிப் பிரிக்கும்போது கிழமையையும் பார்க்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை குரு தலமான ஆலங்குடியிலும் சனிக்கிழமை திருநள்ளாற்றிலும் கூட்டம் நெரியும் என்பதால் அந்த நாட்களைத் தவிர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் சென்றோம். அன்று காலை சூரியனார் கோயிலையும் அதற்கு மிக அருகிலுள்ள கஞ்சனூர் சுக்கிரன் தலத்தையும் முடித்துவிட்டு, மாலை 4.30 முதல் 6 மணி வரையிலான ராகுகாலத்தில் திருநாகேசுவரத்தில் பாலாபிஷேகம் காண வேண்டும் என்பது தாயாரின் நெடுநாள் ஆசை. ராகுவின் திருமேனியில் வழியும் பால் நீலமாக மாறும் என்று சொல்லக் கேட்டு வருபவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் சன்னதியை நெருங்குவதால், அபிஷேகக் கட்டணச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் நெரிசலே மிஞ்சுகிறது. முதியவர்கள் உட்கார்ந்து காண ஒரு வரிசை நாற்காலிகளாவது போட்டிருக்கலாம். வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தார் தாமாகவே விலகி, "பெரியம்மா, நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிட்டதனால்தான் தாயாரால் அபிஷேகத்தைக் காண முடிந்தது.

வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கேது தலமான கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஆகிய நான்கையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டோம். ஓட்டுநர் இந்தப் பகுதிக்காரர். "கேதுவைப் பன்னெண்டு மணிக்குள்ள பாத்துட்டா அப்புறம் அவசரமே இல்ல சார், சாயங்காலம் சனீஸ்வரனை நிம்மதியாப் பாக்கலாம்" என்று முதல் நாள் இரவே சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கு முன்பே வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

வைத்தீசுவரன்கோயில் வீதியில் காரை விட்டு இறங்கியதும் நாடி சோதிடம் பார்க்க அழைப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வெளிநாட்டு வாசனை பட்டால் அழைப்பு இன்னும் வலுக்கும். வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிவிட்டு நேராகக் கோபுர வாசலுக்குள் நுழைந்துவிடுவதே வழி. உள்ளே நிலைமை வேறு. காலணி வைக்கும் இடம், சீட்டு வாங்கும் இடம், தையல்நாயகி அம்மன், செல்வமுத்துக்குமார சுவாமி, அங்காரகன் (செவ்வாய்) சன்னதிகளுக்குச் செல்லும் வழி ஆகியவற்றை யாரையும் கேட்காமலே கண்டுகொள்ள முடிந்தது. நோய் தீர வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் செலுத்துவது இங்குள்ள வழக்கம். முன்பு காகிதத்தில் மடித்துத் தந்த பொட்டலம் இப்போது ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பையில் வருகிறது. நடுங்கும் விரல்களால் அதைப் பிரிக்க முடியாமல் தாயார் பல்லால் கடித்துப் பிரித்தார். அருகில் நின்ற வேறு இரண்டு பாட்டிமார்களுக்கும் நானே பிரித்துக் கொடுத்தேன். இந்தச் சிறு விஷயத்தை எழுதக் காரணம், முதியவர்கள் அதிகம் வருகிற ஒரு தலத்தில் வசதி என்பது இத்தகைய இடங்களிலும் பார்க்கப்பட வேண்டும் என்பதே.

திருவெண்காட்டில் புதன் சன்னதியோடு அகோரமூர்த்தியையும் தரிசித்தோம். பிரகாரம் பெரியது, கல்தரை வெயிலில் கொதிக்கத் தொடங்குவதற்குள் சுற்றி வந்துவிட வேண்டும், அல்லது விரிப்பு போட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். கீழப்பெரும்பள்ளம் சிறிய கோயில் என்பதால் தரிசனம் விரைவில் முடிந்தது. ஆனால் இவ்வழியில் ஒரு தலத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. சர்க்கரை நோயாளிகளை அழைத்து வருபவர்களுக்கு இதைவிடப் பெரிய இடர் வேறில்லை. பெட்ரோல் நிலையம் ஒன்றைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

நண்பகல் ஓய்வுக்குக் காரைக்காலில் அரை நாள் வாடகைக்கு ஓர் அறை எடுத்தது செலவுக்கு ஏற்ற பலன் தந்தது. மாலையில் திருநள்ளாறு. நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து நீராடுவோர் நாள் முழுவதும் வருவதால், படிகளின் மேல் எண்ணெய் படிந்து, கால் வைத்தால் வழுக்குகிறது. தாயாரைக் குளத்துக்குள் இறக்காமல் மேற்படியில் உட்காரவைத்து, சொம்பில் நீர் மொண்டு தலையில் ஊற்றினேன். சாஸ்திரப்படி அது போதுமா என்று அவர் கேட்டதற்கு, பக்கத்தில் குளித்து எழுந்த ஒரு பெரியவர் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். எண்ணெய், எள், கறுப்புத் துணி ஆகியவற்றைத் தட்டில் வைத்து விற்பவர்கள் முதலில் சொல்லும் விலையில் பாதிக்கு இறங்குவார்கள்.

பணம் செலுத்துவதில் ஊர் மிகவும் மாறியிருக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்களைக் கொண்டே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளைக் கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் யுபிஐயில் இணைத்துக்கொள்ள 2023இல் அனுமதி வந்துவிட்டதால், பூக்கடையிலும் இளநீர்க் கடையிலும் என் லண்டன் எண்ணே போதுமானதாக இருந்தது. இணைப்பை லண்டனில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அர்ச்சனைச் சீட்டுக்கும் தீபத் தட்டுக்கும் சில்லறை நோட்டுகள் இன்றும் தேவைப்படுகின்றன.

எங்களுக்குக் கசப்பை ஏற்படுத்தியது கார் நிறுவனத்தின் கணக்கு மட்டுமே. கிலோமீட்டர் கணக்கு நாங்கள் ஏறிய இடத்திலிருந்து தொடங்காமல் அவர்களுடைய ஷெட்டிலிருந்து தொடங்கி ஷெட்டிலேயே முடிந்தது. ஓட்டுநர் பேட்டா (நாள்படி), காரைக்கால் எல்லைக்கான பர்மிட், சுங்கச்சாவடிக் கட்டணம் ஆகிய மூன்றும் இறுதியில் தனித்தனியாகச் சேர்க்கப்பட்டன. தொகை பெரிதல்ல என்றாலும், வாட்ஸ்அப்பில் பேசி முடித்தபோது இவற்றில் ஒன்றைப் பற்றியும் அவர்கள் வாய் திறக்கவில்லை. முன்பதிவு செய்யும்போதே இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்குத் தர நினைக்கும் தொகையை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்காமல் அவர் கையிலேயே கொடுங்கள்.