ஏ.எம்.வி. பிளேயருக்கு வீடியோ மாற்றிய 13 ஆண்டுகள்

2011-இல் காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையொன்றில் வாங்கிய, கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத எம்.பி.4 பிளேயர் இன்றும் எங்கள் வீட்டுப் பட்டாலையில் (உள்கூடத்தில்) அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அட்டையில் எம்.பி.4 என்று அச்சிட்டிருந்தாலும் அந்த வகைக் கோப்பை அது திறக்காது, ஏ.எம்.வி. வடிவத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் ஓடும்.

ஏ.எம்.வி. என்பது ஏ.வி.ஐ. என்ற பழைய வீடியோக் கோப்பு வடிவத்தின் உருமாற்றம். இதில் வீடியோவின் ஒவ்வொரு படமும் (ஃபிரேம்) தனித்தனி ஜேபெக் புகைப்படக் கோப்பு போலவே சேமிக்கப்படுகிறது. முந்தைய படத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் வைக்கும் வேலை இல்லாததால், திறன் குறைந்த மலிவுச் சிப்பும் தடுமாறாமல் ஓட்டிவிடுகிறது. ஆனால் அவ்வளவு சிறிய திரைக்குக் கோப்பு மிகப் பெரிது. வினாடிக்கு 15 படம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 54,000 முழுப் படங்கள்; 22,050 ஹெர்ட்ஸ் ஒற்றைத்தட ஒலிக்கு மட்டும் ஏறத்தாழ 40 எம்.பி.

முதலில் மாற்றியது ஐயாவின் சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீடியோ கேசட். பிளேயரோடு வந்த குறுந்தகட்டு மென்பொருள் 4:3 படத்தை 160க்கு 128 புள்ளித் திரை முழுவதும் இழுத்துவிட்டதால் எல்லோரும் நெட்டையாகத் தெரிந்தார்கள். அதைவிட வருத்தம், ஒலி முந்தி ஓடியது: கெட்டிமேளம் கொட்டி அடங்கிய பிறகே திருப்பூட்ட (தாலி கட்ட) ஐயாவின் கை உயர்ந்தது. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுமுறை அதைக் கேட்கவும் இல்லை.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மாற்று மென்பொருளுக்கு மாறிய பிறகுதான் அது சரியானது. ஏ.எம்.வி.யில் ஒரு படம், ஒரு ஒலித்துண்டு என்று மாறிமாறி அடுக்கப்படுவதால், வினாடிக்கான ஒலி மாதிரி எண்ணிக்கையான 22,050-ஐப் படவீதத்தால் (வினாடிக்கு எத்தனை படம் என்பதால்) வகுத்து வரும் எண்ணையே ஒலித்துண்டின் அளவாகக் கொடுக்க வேண்டும். 15 படத்துக்கு 1,470, மீதியில்லாமல் வரும். 16 படத்துக்கு அது முழு எண்ணாக வராது என்பதால் அந்த வீதத்தை நான் தொடுவதில்லை. உயரம் 16-இன் மடங்காக இல்லாவிட்டால் மென்பொருள் எச்சரித்து நின்றுவிடும். ஆகவே படத்தை 160க்கு 120 ஆகச் சுருக்கி, மேலும் கீழும் நான்கு நான்கு வரிக் கறுப்புப் பட்டை சேர்த்து 128 ஆக்குகிறேன்.

இவற்றையெல்லாம் விட நான் அக்கறையோடு செய்வது, சுருக்குவதற்கு முன் வெட்டுவது. முகப்புத் திண்ணையில் ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் காட்சியை அப்படியே சுருக்கினால் ஒரு முகமும் அடையாளம் தெரியாது. பெரிய ஆச்சியும் அவர் தங்கைமாரும் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் மூக்குத்தி வரை தெரிகிறது.

பேட்டரி இப்போது முக்கால் மணி நேரமே தாங்குகிறது. நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதியும் இல்லை. எனவே பத்து நிமிடத் துண்டுகளாக வைத்திருக்கிறேன். தமிழ்ப் பெயர்களை அது வெறுங்கட்டங்களாகக் காட்டுவதால் கோப்புகளுக்கு எண்தான் பெயர்; 4 என்றால் திருப்பூட்டு, 7 என்றால் பந்தி என்பது அப்பத்தாவுக்கு மனப்பாடம்.