சந்தைப் பக்கம் புத்தகம் கட்டும் நானாவின் கடை

திருகோணமலையில் பழைய புத்தகம் கட்டித்தர நல்ல ஆள் இருக்கிறாரா என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறார். மத்திய வீதியிலிருந்து சந்தைப் பக்கம் திரும்பும் ஒழுங்கையில், பெயர்ப்பலகை இல்லாத ஒற்றை அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு இரும்பு அழுத்தி, சுவர் முழுக்கத் தட்டுகள். கடைக்காரர் முஸ்லிம், எல்லாரும் நானா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் கொடுத்தது அம்மாவின் பழைய கத்தோலிக்கச் செபப்புத்தகம். முதுகு பிய்ந்து, தாள் தாளாகக் கழன்றுபோயிருந்தது. வேறொரு கடையில் பின் அடித்து நாடா ஒட்டித் தருகிறேன் என்றார்கள், நான் விடவில்லை. நானா அதை வாங்கி ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, மெழுகு தடவிய நூலால் கையாலேயே தைத்தார். பசை கடைப்பசை இல்லை. கோதுமை மாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்துகொள்கிறார், பூச்சி அரிக்காதாம். இப்போது புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விரித்து வைத்தாலும் கையெடுத்த பிறகும் அப்படியே கிடக்கிறது. கட்டுக்கூலி 1,800 ரூபாய். அந்த வேலைக்கு இது குறைவு.

இன்னொன்றையும் கவனித்தேன். வேதப்புத்தகம் எதையும் அவர் இடுப்புக்குக் கீழே வைப்பதில்லை. குர்ஆனுக்கு மேல்தட்டு, என் செபப்புத்தகத்துக்கும் மேல்தட்டு. குர்ஆன் வேலை என்றால், தொழுகைக்குமுன் செய்வதுபோல் கைகால் முகம் கழுவி உளூச் செய்துவிட்டுத்தான் தொடுகிறார். என் புத்தகத்தைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைத்தார்.

இனி நான் எழுத வந்த விஷயம். இரண்டாம் தடவை போனபோது நானா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “டீச்சர், கோவிக்கப்படாது. இதில ‘சர்வேசுரனுடைய மாதாவே’ எண்டு இருக்கு. அல்லாஹ்வுக்குத் தாய் எப்பிடி?”

முப்பது வருடம் சமயபாடம் படிப்பித்தவள் நான். இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. சர்வேசுரன் என்றால் கடவுள், மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லலாமா என்பது 431ஆம் ஆண்டு எபேசு திருச்சபைச் சங்கத்தில் தீர்க்கப்பட்ட சண்டை என்று சொன்னேன். கடவுள்தன்மை மரியாளிடமிருந்து வந்தது என்பது அதன் பொருள் அல்ல. அவர் வயிற்றில் மனிதனாகப் பிறந்தவர் கடவுளே என்பதுதான் பொருள். நானா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, குர்ஆனின் இக்லாஸ் சூராவை (அத்தியாயத்தை) ஓதிப் பொருள் சொன்னார்: அல்லாஹ் ஒருவன், எந்தத் தேவையும் இல்லாதவன், பெறவுமில்லை, பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகர் யாருமில்லை. நான்கே வசனம். “இதுக்கு மேல ஒண்டு சேர்த்தாலும் எனக்கு அது ஷிர்க் ஆகிப்போகும் டீச்சர்” என்றார். ஷிர்க் என்றால் அல்லாஹ்வுக்கு இணைவைப்பது.

மர்யம் அலைஹிஸ்ஸலாம், அதாவது எங்கள் மரியாள், மேல் அவருக்கு இருக்கும் மரியாதையில் குறையே இல்லை. குர்ஆனில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான், 19ஆம் சூராவே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஈஸா நபி (இயேசு) தகப்பனில்லாமல் பிறந்தார் என்பதும் அவருக்கு ஈமானின், விசுவாசத்தின், பகுதி. ஆனால் ஆதமை (ஆதாமை) தாயும் தகப்பனும் இல்லாமல் படைத்தவன், ஈஸாவைத் தகப்பனில்லாமல் ‘ஆகு’ என்று சொல்லிப் படைத்தான். அதனால் அவர் மகனாகிவிட மாட்டார் என்கிறார். நான் யோவான் நற்செய்தியின் முதல் வரியைச் சொன்னேன்: ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை கடவுளாய் இருந்தது. குர்ஆனும் ஈஸாவை அல்லாஹ்வின் வார்த்தை என்கிறதே என்று கேட்டேன். “வார்த்தையால உண்டானவர், டீச்சர். உண்டாக்கினவன் வேற” என்றார். ஒரே சொல்லில் நாங்கள் இருவரும் நின்றோம், ஆளுக்கொரு கரையில்.

‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற சொல்லைப் பார்த்து இது என்ன பாஷை என்றும் கேட்டார். போர்த்துக்கீசர் விட்டுப்போனது, பரிசுத்த ஆவி என்றேன். அவருக்குப் பரிசுத்த ஆவி, அதாவது ரூஹுல் குத்ஸ், என்றால் ஜிப்ரீல் மலக்கு, வானதூதர். அதை அதற்குமேல் பேசவில்லை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது.

மூன்றாம் தடவைதான் பிழை நடந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டி முடித்தபின் ஓரம் சமமாக வர வெட்டியிருக்கிறார். ஞானஸ்நானச் செபம் உள்ள பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருந்தார், அண்ணனும் நானும் ஞானஸ்நானம் பெற்ற திகதிகள். நாள் எழுதியிருந்த ஓரம் வெட்டுப்பட்டு, மாதமும் வருடமும்தான் மிஞ்சியிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானா சாக்குச் சொல்லவில்லை. “என்ட பிழை, கேட்டிருக்க வேணும்” என்றார். வெட்டுத் துண்டுகளை அவர் வெளியே போடுவதில்லை, ரோட்டில் திரியும் மான்கள் தின்றுவிடும் என்று சாக்கில் கட்டி வைக்கிறார். அந்தச் சாக்கைத் தரையில் கொட்டி, இரண்டு பேரும் குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் தேடினோம். நூல் மாதிரித் தாள்கீற்றுகள். என்னுடைய திகதி கிடைத்தது, சாம்பல் நிறத்தில் அம்மாவின் 7. அதை மெல்லிய தாள் வைத்து ஒட்டித் தந்தார். அண்ணனுடையது கிடைக்கவில்லை. அண்ணனும் இப்போது இல்லை.

அந்தத் தரையில் வைத்துத்தான் பேச்சு மீட்புக்கு வந்தது. செபப்புத்தகத்தில் ‘ஆத்தும ஈடேற்றம்’ என்று இருந்ததை அவர் ஏற்கெனவே கண்டிருந்தார். பள்ளிவாசலில் தாங்களும் ஈடேற்றம் என்றுதான் சொல்கிறோம் என்று அவருக்குச் சந்தோஷம். ஆனால் வழி வேறு. ஆதம் தப்புச் செய்தார், மனம் வருந்தித் தௌபாச் செய்தார், அல்லாஹ் மன்னித்தான், அதோடு முடிந்தது. பிள்ளைகளுக்கு அந்தப் பாவம் இறங்கவில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஈஸா நபி சிலுவையில் அறையப்படவுமில்லை. மறுமையில் அமல்கள் (செயல்கள்) தராசில் நிறுக்கப்படும். அதற்காக அமலை மட்டும் நம்பியிருப்பதில்லை. தன் அமலால் மட்டும் ஒருவரும் சுவர்க்கம் போகமாட்டார், நானும்கூட அல்லாஹ்வின் றஹ்மத் (இரக்கம்) இல்லாமல் போகமாட்டேன் என்று நபிகளார் சொன்ன ஹதீஸையும் அவரே எடுத்துச் சொன்னார். இதை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. முஸ்லிம்கள் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அது பிழை.

“கடைக்காரன் கொப்பியில உள்ள கடனை வெட்டிவிட நினைச்சா, ஒரு கோடு போதும். மகனை ஏன் சாகக் குடுக்க வேணும்?” இது அவருடைய கேள்வி. நான் சொன்னேன்: “நானா, நீங்க வெட்டினதை நான் மன்னிச்சிட்டன். மனசாரத்தான். ஆனா அண்ணன்ட நாள் என்னட்டத்தானே இல்லாமப் போச்சு? மன்னிக்கிறவர் அந்த நட்டத்தைத் தானே ஏற்கிறார். கடவுள் சிலுவையில ஏற்றார் எண்டு நான் நம்புறன்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நாங்க மனிசர், டீச்சர், எங்களுக்குக் குறையும். அவனுக்கு ஒண்டும் குறையாது. அதனாலதான் அவன் றப்பு, இறைவன்.”

அன்றிரவு எனக்கு விளங்கியது, மீட்பைப் பற்றிய எங்கள் வேற்றுமை கடவுளைப் பற்றிய வேற்றுமையேதான். அவருடைய இறைவன் எதையும் இழக்க முடியாதவன், அதனால் மன்னிப்பு அவனுக்கு இலேசு. என் ஆண்டவர் இழக்கச் சம்மதித்தவர், எனக்கு ஆறுதலே அதில்தான். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சமாதானம் சொன்னால் நானாவுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை. எங்கள் வீட்டிலேயே, விசுவாசம் மட்டும் போதும் என்கிற மெதடிஸ்த மச்சாளோடு நான் நற்செயலைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறேன். 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன்மாரும் அதில் பொது அறிக்கை கையெழுத்திட்டு, 2006இல் மெதடிஸ்தரும் சேர்ந்துகொண்டார்கள். நானாவுக்கும் எனக்கும் இடையில் அப்படி ஒரு தாள் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நான்காம் தடவை கூலி கொடுக்கப் போனபோது 500 ரூபாய் கழித்துக்கொள்ளச் சொன்னார். நான் முழுவதும் கொடுத்தேன். அடுத்த மாதம் அண்ணனின் வேதாகமத்தைக் கொண்டுபோகப் போகிறேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை கடை பூட்டு, ஞாயிறு திறந்திருக்கும். ஒரு வாரம் என்றால் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்க எழுத்து அவரிடம் இல்லை. ஓரத்தில் கையெழுத்து ஏதாவது இருந்தால், புத்தகத்தைக் கொடுக்கும்போதே பக்கத்தைத் திறந்து காட்டி, வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.