நோயாளி பார்க்காத பில்: அரசுத் தணிக்கை என்னும் சேவைக்குக் கடலூரிலிருந்து ஒரு மதிப்புரை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், தம் பெயரில் எவ்வளவு தொகை கோரப்பட்டது, அதில் எவ்வளவு வழங்கப்பட்டது என்பதை அறியாமலேயே போய்விடுகிறார். கையிலிருந்து பணம் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இத்திட்டத்தின் பெருமை. ஆனால் பணம் கொடுப்பவர்தான் பில்லை வரி வரியாகப் படிப்பார் என்பதும் உலக வழக்கம். அந்த இடம் காலியாகிவிட்டதால், நோயாளிக்குப் பதிலாகப் பில்லைப் படிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தணிக்கையாளருக்கு வந்து சேர்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் தணிக்கைத் தடைகளுக்கு, அதாவது தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு, பதில் எழுதியே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பின் மஞ்சக்குப்பத்தில் அக்கம்பக்கத்தாரின் காப்பீட்டு அட்டைகளுக்காக அலைபவன் என்ற முறையிலும், இந்தச் சேவை எப்படி இருக்கிறது என்று இங்கே மதிப்பிடுகிறேன்.

தணிக்கை என்று ஒரே பெயரில் சொன்னாலும், வருகிறவர்கள் பலர். 2021இல் தரம் உயர்ந்த கடலூர் மாநகராட்சியின் கணக்கையும் ஊராட்சி ஒன்றியங்களின் கணக்கையும் பார்ப்பது மாநில நிதித் துறையின்கீழ் உள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணம் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வழியாக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போவதால், அந்தக் கணக்கைப் பட்டயக் கணக்காளர்கள் உடனிகழ் தணிக்கையாக, அதாவது செலவு நடக்கும்போதே கூடவே சரிபார்க்கும் முறையில், பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கும் துறை அலுவலகங்களுக்கும் வருவது சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மாநிலத் தலைமைக் கணக்காயர் அலுவலகக் குழு. நம் வழக்கில் ஏ.ஜி. ஆடிட். இவர்கள் மாநில அரசின் ஊழியர்கள் அல்லர். அரசமைப்பின் 148ஆவது பிரிவு ஏற்படுத்திய இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின், அதாவது சி.ஏ.ஜி.யின் ஆட்கள். பக்கத்துப் புதுச்சேரியின் கணக்கையும் அதே சி.ஏ.ஜி. தான் பார்க்கிறார் என்றாலும், 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பரப்புகள் சட்டப்படி அந்த அறிக்கை துணைநிலை ஆளுநரிடம் சென்று புதுச்சேரிச் சட்டப்பேரவையில் வைக்கப்படுகிறது. ஜிப்மர் நடுவண் அரசின் நிறுவனம் என்பதால் அதன் கணக்கு நாடாளுமன்றத்துக்குப் போகிறது. ஆக, கடலூரில் நோய் கண்டு, புதுச்சேரி அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, ஜிப்மரில் அறுவைச் சிகிச்சை முடிக்கும் ஒருவருக்காகச் செலவான பணம் மூன்று அவைகளில் மூன்று தனித்தனி அறிக்கைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஒரு நோயாளியை முழுதாகப் பார்க்கும் அறிக்கை என்று ஒன்று இல்லை.

களத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். குழு வரும் செய்தி முன்கூட்டியே கடிதமாக வரும். அலுவலகத்தில் நன்றாகச் சுற்றும் மின்விசிறி உள்ள அறை அவர்களுக்கு ஒதுக்கப்படும். ரொக்கப் பதிவேடு, பில் பதிவேடு, செலவுச் சீட்டுகளான வவுச்சர்களின் கட்டுகள், கருவூலத்தோடு ஒத்திசைவு செய்த தாள்கள் எல்லாம் மேசைக்குப் போகும். ஐயம் எழும் இடத்தில் ஒரு தணிக்கைக் குறிப்பு கொடுப்பார்கள்; அதற்கு அங்கேயே பதில் தர வேண்டும். பதில் திருப்தி தராதவை ஆய்வறிக்கையில் பத்திகளாக ஏறும். முதல் பதிலுக்கு நான்கு வாரம் அவகாசம். அதற்குப் பிறகுதான் 'பாரா' என்று அலுவலகங்களில் பெருமூச்சோடு சொல்லப்படும் நீண்ட கதை தொடங்குகிறது. பத்து ரூபாய்க்கு ரசீது ஒட்டாத குறையும் பத்து இலட்சம் ரூபாய்க் கருவி உறை பிரிக்கப்படாமல் கிடக்கும் குறையும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்த எண்களில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்னதற்கு அன்றே பதில் போய்விடும். பின்னதற்கு 'நடவடிக்கையில் உள்ளது' என்ற ஒரு வரி ஆண்டுதோறும் படியெடுக்கப்படும். சேவையின் தரத்தில் முதல் குறை இதுதான்: பெரிய பத்தியும் சிறிய பத்தியும் நிலுவைப் பட்டியலில் ஒரே எடை பெறுவதால், எண்ணிக்கையைக் குறைக்க விரும்பும் அலுவலர் சிறியவற்றையே தீர்த்துக் கணக்குக் காட்டுவார்.

ஆனால் இந்தச் சேவையின் உண்மையான திறமை வவுச்சரில் இல்லை. இரண்டு பட்டியல்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் எனப்படும் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தைப் பற்றிய சி.ஏ.ஜி.யின் செயல்திறன் தணிக்கை அறிக்கை, அதாவது திட்டம் அதன் நோக்கத்தை எட்டியதா என்று பார்க்கும் அறிக்கை, 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் அதோடு இணைந்து நடப்பதால், அந்த அறிக்கை நமக்கும் உரியது. பயனாளிகளில் 7.49 இலட்சம் பேர் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணோடு பதிவாகியிருந்தார்கள் என்ற கண்டுபிடிப்பு எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களின் பேரில் 4,761 பதிவுகள் இருந்ததும் அதே அறிக்கையில்தான் உள்ளது. கைபேசி எண்ணை வைத்து யாருக்கும் சிகிச்சை கொடுப்பதில்லை, அடையாளம் காண வேறு வழிகள் உண்டு என்று அரசுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. அது தவறான விளக்கமும் இல்லை. இருந்தாலும், தன் பெயரில் காப்பீட்டுத் தொகை கேட்டு ஒரு கோரிக்கை எழுந்திருக்கிறது என்று நோயாளிக்குத் தெரிவதற்கு இருக்கும் எளிய வழி கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திதான். பத்து ஒன்பதுகளுக்குப் போகும் செய்தியை யார் படிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பத்தி செய்திகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. தமிழ்நாட்டின் ஓய்வூதியர் பட்டியலைக் காப்பீட்டுப் பயனாளிகளின் பட்டியலோடு ஒப்பிட்டபோது, 1.07 இலட்சம் ஓய்வூதியர்கள் பயனாளிகளாக இருந்தது தெரியவந்தது; அவர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டப்பட்ட பிரீமியம் ஏறத்தாழ ரூ.22.44 கோடி. தலைக்குக் கணக்கிட்டால் சுமார் ரூ.2,100. ஓய்வூதியர்களுக்குத் தனியாக ஒரு காப்பீட்டுத் திட்டம் உண்டு. மாதந்தோறும் ஓய்வூதியத்தில் அதற்குப் பிடித்தமும் செய்கிறார்கள் என்பதை நான் என் வங்கிப் புத்தகத்திலேயே பார்க்கிறேன். இங்கே கவனிக்க வேண்டியது, இவர்களில் யாரும் பொய்க் கோரிக்கை வைத்துப் பணம் பெற்றதாக அறிக்கை சொல்லவில்லை என்பது. நம் மாநிலத் திட்டம் காப்பீட்டு முறையில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி நடத்தப்படுவது. எனவே, பட்டியலில் ஒரு பெயர் கூடுதலாக இருந்தால், அந்த வீட்டில் யாருக்கும் தலைவலிகூட வராவிட்டாலும் அரசுப் பணம் போய்க்கொண்டே இருக்கும். மருத்துவமனையில் திடீர்ச் சோதனை நடத்தி இதைப் பிடிக்கவே முடியாது. மருத்துவமனைக்கு இதில் தொடர்பே இல்லை. இரண்டு பட்டியல்களையும் கேட்டு வாங்கும் அதிகாரம் உள்ள ஒருவர், சலிக்காமல் உட்கார்ந்து ஒப்பிட்டால் மட்டுமே வெளிவரும் செய்தி இது. இந்த ஒரு பத்திக்காகவே இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

இதே முறையில்தான், முந்தைய சிகிச்சையின்போது இறந்ததாகப் பதிவானவர்கள் பெயரில் பின்னாளில் எழுந்த கோரிக்கைகளும் பிடிபட்டன. அப்படி 3,446 நோயாளிகளின் பேரில் ரூ.6.97 கோடி வழங்கப்பட்டதாக அறிக்கை காட்டுகிறது. இவை நாடு தழுவிய எண்கள். எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. தேதியைத் தவறாகத் தட்டச்சு செய்ததும், ஒருவர் பதிவின்மேல் இன்னொருவர் பதிவு ஏறியதும் இதில் கலந்திருக்கலாம். ஆனால் இறந்தவர் பெயரில் வரும் கோரிக்கையைத் தானாகவே நிறுத்தத் தெரியாத கணினி அமைப்பின் வழியாகப் பணம் போயிருக்கிறது என்பது, தவறு யாருடையது என்பதைவிடப் பெரிய செய்தி.

இனிக் குறைகள். தணிக்கைக்கு எடுத்துக்கொண்ட காலம் 2018 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரை. அறிக்கை அவைக்கு வந்தது 2023 ஆகஸ்டில். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் பட்டியலும் மாறும், மென்பொருளும் மாறும், பொறுப்பில் இருந்த அலுவலரும் மாறுதலாகிப் போயிருப்பார். மொழியும் ஒரு தடை. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைக்கு வரும் அறிக்கைகள் தமிழிலும் கிடைக்கின்றன. சொற்கள் கொஞ்சம் கரடுமுரடு என்றாலும் பொறுமையாகப் படித்தால் புரியும். நாடாளுமன்றத்துக்குப் போகும் அறிக்கையோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. நம் ஊர்க் காப்பீட்டு அட்டையைப் பற்றிய பத்தியை நம் மொழியில் படிக்க வழியில்லை என்பது எந்தச் சேவைக்கும் அழகல்ல.

இவற்றைவிட எனக்கு உறுத்தலாகத் தோன்றுவது வேறு. தவறாகப் போன பணத்தின் மேல் விழும் தணிக்கையின் கண், போகாமல் நின்றுவிட்ட பணத்தின் மேல் அதே கூர்மையோடு விழுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ரூ.18,000, அதில் ரூ.14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், ரூ.4,000 மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குக் குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் ஒரு தவணை வரவில்லை. பதிவு எண் இருக்கிறது, தடுப்பூசி அட்டை சரியாக இருக்கிறது. திருமணத்துக்கு முன் தொடங்கிய வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயரின் முதலெழுத்து வெவ்வேறாக இருந்ததுதான் காரணம். வழங்காத தொகைக்கு வவுச்சர் இல்லை. வவுச்சர் இல்லாத இடத்தில் தணிக்கைக் குறிப்பு எழாது. செயல்திறன் தணிக்கையில் இப்படிப்பட்ட நிலுவைகளையும் தாமதங்களையும் எடுத்துப் பேசுவதுண்டு என்றாலும், அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, தெரிந்தெடுத்த மாவட்டங்களில் மட்டும். அலுவலகம் அலுவலகமாக வரும் வழக்கமான ஆய்விலேயே 'வங்கியிலிருந்து திரும்பி வந்த தொகைகள் என்ன ஆயின' என்று ஒரு கேள்வி கட்டாயமாக வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். போலிப் பதிவு என்று அறிக்கை எழுதினால் அதன் சூடு முதலில் இறங்குவது பதிவு மையத்தின் வரிசையில். கைபேசியும் கைரேகையும் கட்டாயம் என்று சரிபார்ப்பு இறுகும்போது, சொந்தக் கைபேசி இல்லாத, நாற்று நட்டு ரேகை தேய்ந்த மூதாட்டிதான் திருப்பி அனுப்பப்படுகிறார். தணிக்கையாளர் கேட்டது பட்டியலைச் சுத்தம் செய்யச் சொல்லி. சுத்தம் செய்பவர்களுக்கு எளிதில் அகப்படுவது எளியவர்களின் பெயர்தான்.

அறிக்கை வந்த பிறகு அதன் ஆயுள் அவை உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழுவின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையின் குழு மாவட்டங்களுக்கும் வந்து, ஆட்சியர் அலுவலகத்தில் அலுவலர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதுண்டு. அந்த நாளுக்கு முந்தைய வாரத்தில் பல ஆண்டுகளாகத் தூங்கிய கோப்புகள் எழுந்து நடமாடுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் குழு இன்னும் அடிக்கடி வரக்கூடாதா என்று தோன்றும். கண்டுபிடிக்கும் திறமைக்கு ஐந்தில் நான்கு, வேகத்துக்கு இரண்டு, பயனாளியின் காதுக்குச் செய்தியைக் கொண்டுசேர்ப்பதற்கு ஒன்று என்பது என் மதிப்பெண்.

இந்தச் சேவையை நீங்களே பயன்படுத்திப் பார்க்க விரும்பினால், அவையில் வைக்கப்பட்ட பெரிய அறிக்கைகள் சி.ஏ.ஜி. இணையதளத்தில் மாநில வாரியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர் மருத்துவமனையின் ஆய்வறிக்கை அவற்றில் இருக்காது. அதை அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்க வேண்டும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 'தணிக்கை அறிக்கை நகல்' என்று மட்டும் எழுதாமல், 'கடைசி ஆய்வறிக்கை, அதில் நிலுவையில் உள்ள பத்திகள், அப்பத்திகளுக்கு இதுவரை அனுப்பிய பதில்கள்' என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் பத்திகள் மட்டும் வரும். அவற்றுக்கு எழுதிய பதில்களுக்காக இன்னொரு வில்லை ஒட்ட வேண்டியிருக்கும்.